ரிலீவ் பண்ண ஆள் வேண்டும்

கதவைத் திறந்தபோது எதிர்வீட்டு ஸ்டெல்லா நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு கையிலும் ஒரு மாத்திரை அட்டை. இரண்டையும் மாறி மாறி மூக்கு நுனிவரை கொண்டுபோய்ப் பார்த்தபடியே பேசினார்.

“அக்கா, இதுல எது காலைல குடுக்கிறது, எது ராத்திரி குடுக்கிறதுன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. வெளிச்சம் பத்தலீங்க.”

முற்பகல் நேரம். கோடைக்காலம். எங்கள் மூன்றாவது மாடி நடையில் வெயில் தரையில் விழுந்து கூரைவரை தெறித்துக்கொண்டிருந்தது. வெளிச்சத்தின் மேல் குற்றம் சொல்ல இடமே இல்லை.

அட்டைகளை வாங்கிப் பார்த்தேன். ஒன்று ரத்த அழுத்தத்துக்கு. மற்றது தூக்கத்துக்கு.

“நேத்துக் காலைல எதைக் குடுத்தீங்க?”

“அதுதான் தெரீலீங்கக்கா. நேத்துப் பகல் பூரா மனுசன் தூங்கிட்டேதான் இருந்தாரு. வெயில் கிறக்கமாட்டம் இருக்குதுன்னு நெனச்சுட்டேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததுபோலச் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

எதிர்வீடு

இந்தத் தொடரில் இதுவரை என் ஆபீஸ் மேசைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றவர்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். இந்த வாரம் எதிர்க்கதவு.

கோவை ராமநாதபுரத்தில் எங்கள் அடுக்ககத்துக்கு ஸ்டெல்லாவும் ஆரோக்கியசாமியும் எனக்கு முன்பே வந்தவர்கள். ஸ்டெல்லா வால்பாறையில் தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவர். ஆரோக்கியசாமி அதே மலையில் ஒரு நீர்மின் நிலையத்தில் கட்டுப்பாட்டு அறை ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல உயரம், அதற்கேற்ற எடை. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்து, பேச்சும் குழறிப்போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. அன்றிலிருந்து அவரைத் திருப்பிப் படுக்கவைப்பது, தூக்கி உட்காரவைப்பது, குளிப்பாட்டுவது எல்லாம் ஸ்டெல்லா. ஒரே மகள் கனடாவில். தினமும் வீடியோவில் வந்து அப்பாவிடம் கையசைப்பாள்.

ஸ்டெல்லாவின் இரண்டு கண்ணிலும் புரை. இடது கண்ணில் முற்றிவிட்டது. இனியும் தள்ளிப்போட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி அந்தப் பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைச் சொன்னதே இரண்டு மாதம் முன்பாம். எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

“ஆபரேசன் ஒரு மணி நேரத்துல முடிஞ்சிருமுங்க. அதுக்கப்புறம் ரெண்டு வாரம் குனியக் கூடாதாம், கனம் தூக்கக் கூடாதாம். எங்கூட்டு மனுசன எப்படீங்க தூக்காம இருக்கறது?”

“நர்ஸ் வெச்சீங்கல்ல?”

“வெச்சனுங்க. மூணாம் நாள் ஓடிப்போயிட்டா.”

ஓடிப்போன நர்ஸை நான் லிப்டில் சந்தித்திருக்கிறேன். தேனிப் பக்கத்துப் பெண், கெட்டிக்காரி. “அந்தம்மா என்னைய ஒரு டம்ளர் தண்ணி குடுக்க உடமாட்டேங்குது மேடம். சும்மா ஒக்காந்து சம்பளம் வாங்க எனக்கு ஒரு மாதிரி இருக்கு” என்றாள். சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குவதில் சங்கடம் காணும் ஒருவரை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை என்பதால் அவள் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டேன்.

மாத்திரைகளை ரப்பர் வளையம் போட்டுப் பிரித்துக் கொடுத்து அனுப்பினேன். கதவைச் சாத்தியதும் என் வாயில் தானாக வந்த சொல், பழைய ஆபீஸ் சொல்: இந்தப் பொம்பளைக்கு ரிலீவர் போடணும்.

ஒரு சொல்லின் பூர்வீகம்

நான் ஓர் அரசுத் துறையின் பணியமைப்புப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்தவள். யார் எங்கே வேலை பார்க்க வேண்டும், எப்போது அங்கிருந்து கிளம்பலாம் என்பதைத் தாளில் எழுதுகிற பிரிவு. ரிலீவ் என்ற வினைச்சொல்லை நான் போட்ட அளவுக்கு வீட்டில் உப்புக்கூடப் போட்டிருக்க மாட்டேன். ஆட்சிமொழி வந்தபின் அதை ‘விடுவித்தல்’ என்று எழுதினோம். சிறைச்சாலைக்கும் அதே சொல்தான். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

ஓய்வு பெற்ற அன்று எனக்குச் சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். நேரம் பார்க்கும் அவசியம் முடிகிற நாளில் கடிகாரம் கொடுப்பது மரபு. நானாக எனக்கு வாங்கிக் கொடுத்துக்கொண்டது, ஆங்கிலச் சொற்களின் பிறப்பைச் சொல்லும் தடித்த அகராதி ஒன்று. அன்று மத்தியானம் அதை எடுத்துப் புரட்டினேன்.

ரிலீவ் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். மூலத்தில் அதற்குப் பொருள், மறுபடி தூக்கு, பாரத்தை இலேசாக்கு. அடியில் இருப்பது ‘லெவிஸ்’, அதாவது கனமில்லாதது. நெம்புகோலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் லீவர் அதே குடும்பம். மாடிக்கு ஏற்றிவிடும் எலிவேட்டர் பங்காளி. ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் புளிப்பு மாவின் ஆங்கிலப் பெயர்கூடத் தூரத்துச் சொந்தம்தான். கல்லின் பரப்பிலிருந்து மேலெழுந்து நிற்கும் புடைப்புச் சிற்பத்தை ரிலீஃப் என்பதும் இந்த வகையில்தான். அதுவும் எழும்பி நிற்கிறதல்லவா.

பிறகு அந்தச் சொல் வேலைக்குப் போக ஆரம்பித்தது. முற்றுகையில் சிக்கிய கோட்டைக்குப் படை போய்ச் சேர்ந்தால் அது ரிலீவ். வலி குறைந்தால் ரிலீவ். காவல் நிற்பவனின் இடத்தில் இன்னொருவன் வந்து நின்றாலும் ரிலீவ். இந்தக் கடைசிப் பொருள்தான் நம் ஊர் மில்களுக்குள் நுழைந்தது. சங்கு ஊதிவிட்டால் மட்டும் போதாது, ரிலீவர் வந்து நின்றால்தான் மெஷினை விட்டு நகரலாம். கோயமுத்தூரில் ஆங்கிலம் ஒரு வரி தெரியாதவர்களும் ‘ரிலீவர் வல்லீங்க’ என்று சொல்லிவிட்டு இரண்டாவது ஷிப்டும் நின்றிருக்கிறார்கள்.

பட்டியல் முழுவதையும் படித்துவிட்டு நான் கவனித்தது ஒன்றைத்தான். எந்தப் பொருளிலும் இது தன்னந்தனியாக நடக்கிற காரியமாக இல்லை. தூக்குவதற்கு வேறொரு கை வேண்டும்.

ஆழியாறு செக்போஸ்ட்

இதைச் சொல்லும்போது ஒரு பழைய கதையைச் சொல்லாமல் நகர முடியாது.

ஒருமுறை கோவையில் இருந்த எழுத்தர் ஒருவரை வால்பாறைக்கும், வால்பாறையில் இருந்தவரைக் கோவைக்கும் மாற்றினார்கள். இரண்டு ஆணையிலும் ஒரே வாசகம்: மாற்று நபர் வந்து பொறுப்பேற்றதும் விடுவிக்கப்படுவார். கோவைக்காரருக்கு மாற்று, வால்பாறைக்காரர். வால்பாறைக்காரருக்கு மாற்று, கோவைக்காரர். இரண்டு பேரும் மற்றவர் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள். விதிப்படி இரண்டு பேரும் சரி. மலையில் இருந்தவருடைய மனைவி கீழே பிரசவத்துக்கு வந்து, குழந்தை பிறந்து, அது குப்புற விழுவதற்குப் பழகிக்கொண்டிருந்தது.

மேலதிகாரி, “தெளிவுரை கேட்டு எழுதுங்க” என்றார். தெளிவுரை கேட்டால் அந்தக் குழந்தை நடந்தே வால்பாறை போய்விடும். நான் ஒரு குறிப்பு எழுதி நீட்டினேன். இருவரும் ஒரே நாள் காலையில் கிளம்ப வேண்டும். மலைப்பாதை ஆரம்பிக்கிற ஆழியாறு செக்போஸ்டில் சந்திக்க வேண்டும். அங்கேயே பீரோச் சாவிகளை மாற்றிக்கொண்டு, ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றதாகக் கையெழுத்துப் போட வேண்டும்.

“இப்படியெல்லாம் ரூல்ல இருக்காம்மா?” என்றார்.

“கூடாதுன்னு இல்லீங்க சார்.”

அவர்கள் செக்போஸ்ட் டீக்கடைப் பெஞ்சில் வைத்துச் சாவி மாற்றிக்கொண்டார்கள். விதிமுறை தெரிந்தவர்களைக் கண்டால் பலருக்கு எரிச்சல் வரும். விதிமுறையில் எங்கே இடம் விட்டிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் நான் அதை மனப்பாடம் செய்தேன்.

மூன்று விரல்

மறுநாள் எதிர்வீட்டுக்குப் போனேன். ஆரோக்கியசாமி கட்டிலில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்டெல்லாவின் பிளாஸ்டிக் நாற்காலி. ஸ்டெல்லா சமையலறையில்.

“உங்களுக்கு விசயம் தெரியுமா?” என்றேன், கண்ணைத் தொட்டுக் காட்டி.

தலையசைத்தார். ஒவ்வொரு சொல்லையும் தள்ளித் தள்ளித்தான் வெளியே கொண்டுவருவார். காத்திருக்க வேண்டும். “சொன்னேன்… போ…ன்னு. போமாட்டா.”

“நர்ஸ் வந்தாளே?”

இடது கையை இல்லை என்று ஆட்டினார். பிறகு மூன்று விரலைக் காட்டினார். “சொல்லணும்… திருப்பிச் சொல்லணும்… எந்திரிக்கணும்.”

கட்டுப்பாட்டு அறை வழக்கம் அது. கேட்டுக் கேட்டுக் கோத்துக்கொண்டேன். வேலை முடிந்து போகிறவர் ஒவ்வொரு இயந்திரமும் என்ன நிலையில் இருக்கிறது என்று வாயால் சொல்ல வேண்டும். வருகிறவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு போகிறவர் நாற்காலியை விட்டு எழ, வருகிறவர் அதில் உட்கார வேண்டும். அதற்குப் பிறகு என்ன ஆனாலும் உட்கார்ந்தவர் பொறுப்பு. எழுந்தவர் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடலாம். நர்ஸ் விசயத்தில் இந்த மூன்றில் எதுவுமே நடக்கவில்லை.

“சரி. யார் வந்தா உங்களுக்குச் சம்மதம்?”

“கா…தரு.”

சமையலறையில் கரண்டி விழுந்தது.

வராத மனிதர்

“அந்த மனுசனா?” ஸ்டெல்லா கதவை நிறைத்துக்கொண்டு நின்றார். “அக்கா, என்ற புள்ளைக்கு முதநன்மை, மொதமொத நற்கருணை வாங்கற நாளு, அன்னிக்கு வெள்ளைக் கவுன் போட்டுட்டு, மெழுகுவத்தி புடிச்சுட்டு மாதா கோயில் படிக்கட்டுல நிக்குது. அப்பா எங்கம்மா, அப்பா எங்கம்மாங்குது. இவரு பவர் ஹவுஸ்ல. எதுக்குங்க? ரிலீவ் பண்ண வேண்டிய காதரு வல்லீங்க. பொள்ளாச்சில கண்ணாலம். பிரியாணி.”

“மண்ணு… சரிஞ்சுருச்சு” என்றார் கட்டிலிலிருந்தவர்.

“மலைரோட்டுல மண்ணு சரியறதுக்கு முந்தி ஏறி வந்திருக்கோணும்!”

மகளுக்கு இப்போது நாற்பதை நெருங்கும். ஆனால் ஸ்டெல்லாவின் கண்ணில் அந்தக் கவுனுக்கு இன்னும் புரை விழவில்லை.

நான் இதமாகப் பேசத் தெரிந்தவள் இல்லை. “ஸ்டெல்லா, காதர் பாய் ஒரு நாள் வரலை. நீங்க ஒரு நாள் இவரைப் பகல் பூரா தூங்கவெச்சீங்க. அடுத்த வாட்டி எந்த மாத்திரை கைக்கு வரும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இவர் யார் கையில பத்திரமா இருக்காருன்னு நீங்களே சொல்லுங்க.”

ஸ்டெல்லா திரும்பினார். உள்ளே போய் விழுந்த கரண்டியைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார். அதை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். எங்கள் அலுவலகத்தில், குறித்த காலத்துக்குள் ஆட்சேபணை வராவிட்டால் ஒப்புதல் என்று பொருள்.

கோட்டைமேட்டில் காதர் பாய் வீட்டைக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. மகன் நடத்தும் இரும்புச் சாமான் கடைக்கு மேலே வீடு. குள்ளமாக, பீப்பாய் போல உறுதியாக இருந்தார். விசயத்தைச் சொன்னேன். தாடியைத் தடவிக்கொண்டே கேட்டார்.

“ஏனுங்க, நான் வந்தா அண்ணி கதவத் தொறக்குமா?”

“தொறக்க மாட்டாங்க. எங்கிட்ட ஒரு சாவி இருக்கு. நான் தொறப்பேன்.”

“ரெண்டு வாரம் அங்கியே தங்கிக்கிறனுங்க. நான் ஊட்ல இல்லீன்னா மருமகளுக்கும் கொஞ்சம் நிம்மதி.” பிறகு குரல் இறங்கியது. “மண்ணு சரிஞ்சது நெசந்தானுங்க. ஆனா முந்தின நாளே பஸ் ஏறியிருக்கலாம். ஆரோக்கியம் அண்ணன் அதப்பத்தி ஒரு வார்த்தை கேட்டதில்லீங்க. கேட்டிருந்தா தேவலாம்.”

நாற்காலி

ஆபரேஷன் அன்று காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். விடிவதற்கு முன்பே வாட்ச்மேன் என்னைப் போனில் எழுப்பினான்.

“மேடம், படிக்கட்டுல ஒருத்தரு பையோட ஒக்காந்திருக்காரு. யாருன்னு கேட்டா டூட்டிங்கறாரு. போலீசுக்குச் சொல்லட்டுங்களா?”

காதர் பாய்தான். பால் பாக்கெட்டுகள்கூட அவருக்குப் பின்னால்தான் வந்தன.

“இத்தனை சீக்கிரமா ஏன் பாய்?”

“வழியில எதாச்சும் சரிஞ்சுருச்சுன்னா?” என்றார். கோட்டைமேட்டிலிருந்து ராமநாதபுரம் வரை சரிவதற்கு ஒரு மேடுகூடக் கிடையாது.

கதவை ஸ்டெல்லாவே திறந்தார். வா என்று சொல்லவில்லை. விலகி நின்றார். காதர் பாய் நேராகக் கட்டிலுக்குப் போனார். ஆரோக்கியசாமி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“லேட்டு” என்றார்.

காதர் பாய்க்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்டெல்லா பக்கம் திரும்பினார். “சொல்லுங்க அண்ணி.”

ஸ்டெல்லா தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். ரப்பர் வளையம் போட்ட மாத்திரை ராத்திரிக்கு. வளையம் இல்லாதது காலைக்கு, இட்லி சாப்பிட்ட பிறகு. தண்ணீரைக் கரண்டியால்தான் கொடுக்க வேண்டும், வேகமாகக் கொடுத்தால் புரையேறும். ஒரே பக்கம் வெகுநேரம் படுக்கவிடக் கூடாது. காபியில் சர்க்கரை கேட்பார், ஆஸ்பத்திரியில் சொன்னார்கள் என்று பொய் சொல்வார், நம்பக் கூடாது.

காதர் பாய் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், மானியைப் பார்த்து அளவு வாசிப்பதுபோல.

“தூக்கி உக்காரவைக்கையில வலது கைய இழுத்து…”

“இழுக்கக் கூடாது!” ஸ்டெல்லா பாதி எழுந்துவிட்டார். “தோள்பட்டை நழுவிரும். முதுகுக்கடியில கை குடுத்துத் தூக்கோணும்.”

“முதுகுக்கடியில கை குடுத்துத் தூக்கோணும். வலது கைய இழுக்கக் கூடாது. அப்புறம்?”

“அப்புறம்… பகல்ல டிவி போட்டுட்டு எந்திரிச்சுப் போயிடக் கூடாது. தனியா இருந்தா பயப்படுவாரு. சொல்லமாட்டாரு.”

ஆரோக்கியசாமி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“தனியா உட்டுட்டுப் போகக் கூடாது” என்றார் காதர் பாய். “இன்னிக்குத் தொழுகை இங்கியே. நாளையிலருந்து தொழுகைக்குப் போற அஞ்சு நிமிசம் மேடம் வந்து உக்காருவாங்க. சார்ஜ் எடுத்தாச்சுங்க அண்ணி.”

எல்லாம் முறைப்படி முடிந்தது. கீழே டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார். ஸ்டெல்லா நாற்காலியின் கைப்பிடிகளைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். யாராவது ஏதாவது தப்பாகச் சொல்ல மாட்டார்களா, அதைத் திருத்திக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமே என்று காத்திருப்பதுபோல.

நான் வாயைத் திறக்கப்போனேன். அதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“ஸ்டெல்லா… சேரை உடு.”

அவர் எழுந்தார். சேலை மடிப்பைச் சரிசெய்தார். காதர் பாய் அந்த நாற்காலியில் உட்காரும்வரை நின்று, அந்த மங்கல் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் செருப்பைத் தேடினார்.

திரும்பும் வழி

ஆஸ்பத்திரியில் எல்லாம் சொன்னபடியே நடந்தது. காலதாமதம் இல்லை, காணாமல்போன தாள் இல்லை. எனக்குச் சண்டை போட ஒரு வாய்ப்பும் கிடைக்காததில் சிறிது ஏமாற்றம்தான். டாக்டர் வெளியே வந்து, “சரியான நேரத்துல கூட்டிட்டு வந்தீங்க. பார்வை நல்லாவே வரும்” என்றார். இரண்டு மாதம் தாமதம் என்று நான் திருத்தவில்லை.

சாயங்காலம் இடது கண்ணில் கட்டோடு ஸ்டெல்லாவை டாக்ஸியில் ஏற்றினேன். “காதரு இட்லி குடுத்திருப்பாருங்களாக்கா?” என்றார். “குடுத்திருப்பார்” என்றேன். “கரண்டில தண்ணி?” என்றார். பதில் சொல்லத் திரும்பினேன். தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. வேக மேடுகளில் வண்டி குதித்தபோதும் அவர் அசையவில்லை. எதிரெதிர்க் கதவில் இத்தனை வருடம் இருந்தும் ஸ்டெல்லா தூங்கி நான் பார்த்ததே இல்லை.

காதர் பாய் போனில் வந்தார். “எங்கீங்க வந்துட்டிருக்கீங்க? அண்ணன் கேக்கறாரு.”

“அவர் எப்படி இருக்கார்?”

“சர்க்கரை கேட்டாருங்க. குடுக்கலை. என்னைய வையறாரு. நல்லா இருக்காருங்க.”

“அப்ப எதுக்கு அவசரம்? நாங்க மெதுவா வர்றோம்.”

ராமநாதபுரம் வந்துவிட்டது. டாக்ஸிக்காரர் எங்கள் கேட்டுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தார்.

“அம்மா, ஊடு வந்துருச்சுங்க.”

“தெரியுது. நிறுத்தாதீங்க. நேரா போங்க.”

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிறகு பின்சீட்டில் தூங்குகிறவரைப் பார்த்தார். “எங்கீங்கம்மா போறது?”

“காந்திபுரம்.”

“இந்நேரத்துக்கு அங்க போனா மாட்டிக்குவமுங்க. எல்லா சிக்னல்லயும் நிக்கோணும்.”

“அதுக்குத்தான்” என்றேன்.